காயம் ஆறிவிட்டது, நரம்பு இன்னும் வழியில் இருக்கிறது

கேள்வி: எனக்கு 34 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். ஐந்து மாதத்துக்கு முன் வீட்டில் ஜன்னல் கண்ணாடி உடைந்து, வலது மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே ஆழமாக வெட்டிவிட்டது. அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள். மீடியன் நரம்பையும் இரண்டு தசைநார்களையும் தைத்ததாக டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கிறது. காயம் நன்றாக ஆறிவிட்டது. ஆனால் இரண்டாவது மாதத்திலிருந்து கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மிளகாய் அரைத்த கை போல எரிகின்றன. மரத்தும் இருக்கிறது, எரியவும் செய்கிறது. திடீர் திடீரென்று ஷாக் அடிக்கிறது. ஃபேன் காற்று பட்டாலே தாங்க முடிவதில்லை, ராத்திரி ஈரத்துணி சுற்றிக்கொண்டுதான் படுக்கிறேன். முன்பு தழும்பைத் தட்டினால் விரலுக்கு ஷாக் ஓடும், இப்போது உள்ளங்கையைத் தட்டினாலும் ஓடுகிறது. தினமும் டைக்ளோஃபினாக் இரண்டு வேளை போடுகிறேன், சிவப்பு நரம்பு ஊசி பத்து போட்டாயிற்று. ஒரு டாக்டர் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. கொடுத்தார். அது மனநோய் மாத்திரை என்று மெடிக்கல் ஷாப்பில் சொன்னதால் மூன்றே நாளில் விட்டுவிட்டேன். காயம்தான் ஆறிவிட்டதே, வேலைக்குப் போகாமல் இருக்க நடிக்கிறாள் என்று வீட்டில் பேசுகிறார்கள். போட்ட தையல் விட்டுப்போய்விட்டதா? மறுபடி ஆபரேஷன் செய்யணுமா? சில ராத்திரி இந்தக் கையையே எடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் நடிக்கவில்லை. முதலில் இதை உங்கள் வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துக் காட்டுங்கள். வலி சிகிச்சை மருத்துவராக உங்களைப் போன்றவர்களைத் தினமும் பார்க்கிறேன். கடிதத்தில் நீங்கள் எழுதியிருப்பதை யாரும் யோசித்து இட்டுக்கட்ட முடியாது, ஏனென்றால் எரிச்சல் சரியாக மீடியன் நரம்பு போகும் விரல்களில் மட்டும் இருக்கிறது, சுண்டுவிரலைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. நரம்பு வலியா என்று கண்டுபிடிக்க எங்களிடம் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு, அதில் நாலுக்கு ஆமாம் வந்தாலே நரம்பு வலியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்வோம். எரிச்சல், ஷாக், மரத்துப்போவது, லேசாகப் பட்டாலே வலிப்பது என்று உங்கள் கடிதத்திலேயே நாலு வந்துவிட்டது.

அந்த ஈரத்துணி விஷயத்தைப் படித்ததும் எனக்கு அமெரிக்க உள்நாட்டுப் போர் ஞாபகம் வந்தது. 1860-களில் ஃபிலடெல்ஃபியாவில் சைலஸ் வெயர் மிட்செல் என்ற டாக்டர், குண்டடி பட்டு நரம்பு சேதமான சிப்பாய்களுக்கென்றே இருந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். புண் ஆறி மாதக்கணக்கான பிறகும் சிலர் கை எரிகிறது என்று துடித்தார்கள், எந்நேரமும் கையில் ஈரத்துணி சுற்றியிருந்தார்கள், காய்ந்த துணி உரசுவதைத் தாங்க முடியாமல் பூட்ஸுக்குள் தண்ணீரை ஊற்றிக்கொண்டவர்கள்கூட உண்டு. நடிக்கிறார்கள் என்ற பழி அவர்கள் மேலும் விழுந்தது. அதற்கு 'காசால்ஜியா' என்று பெயர் வைத்து, இது நரம்பின் நோய் என்று எழுதி வைத்தவர் மிட்செல். அந்தச் சிப்பாய்கள் செய்ததையே யாரும் சொல்லிக்கொடுக்காமல் நீங்களும் செய்கிறீர்கள்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? நீங்கள் தையல்காரர் என்பதால் உங்களுக்கு இதை விளக்குவது சுலபம். நரம்பு என்பது ஒற்றை நூல் அல்ல, ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள் ஓர் உறைக்குள் கட்டாகப் போகின்றன. அது வெட்டுப்பட்டால், வெட்டுக்குக் கீழே விரல்வரைக்கும் உள்ள இழையெல்லாம் சில வாரத்தில் அழிந்துவிடும், வெற்று உறைதான் மிஞ்சும். சர்ஜன் தைத்தது அந்த உறையைத்தான். உள்ளே இழைகள் மேலிருந்து புதிதாக வளர்ந்து, காலியான குழாய்க்குள் நுழைந்து, விரல் நுனிவரை போய்ச் சேர வேண்டும். பாவாடையில் நாடா கோப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பகுதி ஒழுங்காக இருந்தால் நாடா உள்ளே போய்க்கொண்டே இருக்கும், துணி சுருங்கி அடைத்திருந்தால் அங்கேயே மடிந்து பந்தாகச் சுருண்டுகொள்ளும். நரம்பு இழைகள் அப்படித் தழும்பில் சிக்கிச் சுருண்டால் உண்டாகும் முண்டுக்கு நியூரோமா என்று பெயர்.

வளரும் இழைக்கும் சரி, சிக்கிக்கொண்ட இழைக்கும் சரி, மேலுறை இன்னும் சரியாக மூடியிருக்காது. யாரும் தொடாமலேயே அது தானாகச் சமிக்ஞை அனுப்பும், அந்த ஷாக் இதுதான். மாதக்கணக்காக இப்படிச் சமிக்ஞை வந்துகொண்டே இருந்தால் முதுகுத்தண்டில் உள்ள நரம்பு அணுக்களும் கூர்மையாகிவிடும், ரேடியோவில் சத்தத்தைக் கூட்டி வைத்தது போல. அப்புறம் காற்றுப் பட்டாலும் நெருப்புப் பட்டதாக மூளைக்குத் தகவல் போகும். இப்படிச் சாதாரணத் தொடுகையே வலியாவதற்கு அலோடைனியா என்று பெயர். ஃபேனைப் போட்டால் நீங்கள் கத்துவதற்குக் காரணம் இதுதான், உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். தையல் விட்டுப்போகவில்லை என்று நான் நினைப்பதற்கு, நீங்கள் பயந்துகொண்டே எழுதிய ஒரு வரிதான் காரணம். முன்பு தழும்பைத் தட்டினால் ஷாக், இப்போது உள்ளங்கையைத் தட்டினாலும் ஷாக். இது நல்ல செய்தி, அம்மா! முதல் உலகப் போர் நடந்த 1915-ல் ஜெர்மனியில் ஹாஃப்மன், பிரான்சில் டினெல், எதிரெதிர் நாட்டு டாக்டர்கள் இருவரும் தனித்தனியாக ஒரே விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள்: வளர்ந்துவரும் நரம்பின் முனை இருக்கும் இடத்தைத் தட்டினால், அந்த நரம்பு சேரவேண்டிய பகுதியில் சுர்ரென்று கூச்சம் ஓடும். மாதங்கள் போகப்போக அந்த இடம் கீழே நகர்ந்துகொண்டே வந்தால் நரம்பு வளர்கிறது என்று அர்த்தம். இன்றைக்கும் டினெல் சோதனை என்றுதான் அதைச் செய்கிறோம், ஒரு விரல் போதும், ஒரு பைசா செலவில்லை.

நரம்பு தோராயமாக ஒரு நாளைக்கு 1 மி.மீ. வளரும், மாதத்துக்கு ஓர் இஞ்சை விடக் கொஞ்சம் கூட. தைத்த பிறகு வளர ஆரம்பிக்கவே மூன்று நாலு வாரம் ஆகும். உங்கள் இஞ்ச் டேப்பை எடுத்துத் தழும்பிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்து பாருங்கள், எட்டு இஞ்ச் போல வரும். ஐந்து மாதத்தில் முதல் மாதத்தைக் கழித்தால் நாலு மாதம், ஐந்து இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது நரம்பின் முனை இப்போது உள்ளங்கையில், விரல்கள் தொடங்கும் இடத்தை ஒட்டி இருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் இடமும் அதுவேதான். விரல் நுனிக்கு இன்னும் மூன்று நாலு மாதம் ஆகலாம், அதன்பிறகும் தொடு உணர்வு தெளிவாக இரண்டு மூன்று வருடம்கூட மெல்ல மெல்ல முன்னேறும். முழுக்கப் பழைய விரலாகவே ஆகும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், முப்பது வயதுக்கு மேல் வெட்டுப்பட்ட மீடியன் நரம்பில் அது அபூர்வம். ஆனால் வேலை செய்யும் கையாகத் திரும்பி வர நல்ல வாய்ப்பு இருக்கிறது.

அதனால் இன்றைக்கு மறு ஆபரேஷன் பேச்சு வேண்டாம், ஆனால் தைத்த சர்ஜனை இந்த மாதமே ஒருமுறை பாருங்கள். கையை மல்லாத்தி மேசைமேல் வைத்து, கட்டைவிரலைக் கூரையைப் பார்த்து நேரே தூக்க முடிகிறதா என்று பாருங்கள். அந்தத் தசை கட்டைவிரல் அடியிலேயே, தழும்புக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, அதனால் அது சீக்கிரமே உயிர் பெற ஆரம்பிக்க வேண்டும். கொஞ்சமும் அசையவில்லை என்றால் நரம்புக் கடத்தல் சோதனையும் ஊசி வைத்துப் பார்க்கும் ஈஎம்ஜி சோதனையும் தேவை. இதைத் தள்ளிப்போடக் கூடாது, நரம்பு வந்து சேராத தசையை ஒன்று ஒன்றரை வருடத்துக்கு மேல் காப்பாற்ற முடியாது. இன்னொன்று, தட்டும் இடம் மூன்று நாலு மாதமாகத் தழும்பிலேயே நின்றுவிட்டது, ஒரு புள்ளியைத் தொட்டாலே உயிர் போகிறது, அந்த இடத்தில் மரப்பு ஊசி போட்டால் வலி நின்றுவிடுகிறது என்றால் அது நியூரோமாவாக இருக்கலாம். அப்போது சிக்கிய பகுதியை வெட்டியெடுத்துவிட்டு, காலிலிருந்து ஒரு உணர்வு நரம்பை எடுத்து ஒட்டுப்போடுவது போன்ற ஆபரேஷன்கள் உண்டு. அதைக் கைக்கான மைக்ரோ சர்ஜரி தெரிந்தவரிடம்தான் செய்துகொள்ள வேண்டும்.

மாத்திரைக்கு வருவோம். டைக்ளோஃபினாக்கை நிறுத்துங்கள். அது வீக்கத்தால் வரும் வலிக்கான மருந்து, உங்கள் வலி அந்த வகை இல்லை. மாதக்கணக்காகத் தினமும் போட்டால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையை ஒருமுறை செய்துவிடுங்கள். அந்தச் சிவப்பு ஊசி பி12 வைட்டமின். ரத்தத்தில் பி12 குறைவாக இருந்தால் கட்டாயம் போடவேண்டியதுதான், அளவு சரியாக இருப்பவர்களுக்கு வெட்டுப்பட்ட நரம்பின் வலியை அது குறைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஊசிக்குச் செலவழித்த பணத்தில் பி12-ம் சர்க்கரையும் ஒருமுறை சோதித்திருக்கலாம் என்பது என் வருத்தம், ஏனென்றால் சர்க்கரை நோய் இருந்தால் நரம்பு வளர்வதே மந்தமாகிவிடும். சத்து மாத்திரை என்று பி6 அதிகமாக உள்ளதை மாதக்கணக்கில் விழுங்கினாலும் அதுவே நரம்பைக் கெடுக்கும், அதையும் கவனியுங்கள்.

அமிட்ரிப்டிலினைக் கொடுத்த டாக்டர் சரியாகத்தான் கொடுத்தார். எதற்கு என்று உங்களுக்கு இரண்டு நிமிடம் விளக்கியிருக்க வேண்டும், அவசரத்தில் அது விட்டுப்போயிருக்கும். அது மனச்சோர்வுக்காக வந்த மருந்து என்பது உண்மை, அதற்கு 75 முதல் 150 மி.கி. வரை கொடுப்பார்கள். 10 மி.கி. யாருடைய மனச்சோர்வையும் தீர்க்காது. மூளையிலிருந்து முதுகுத்தண்டுக்கு இறங்கி வந்து வலியை அமர்த்தும் ஒரு பாதை நமக்கு இயற்கையாகவே உண்டு, அந்தப் பாதைக்குப் பலம் சேர்ப்பதுதான் இந்த மருந்தின் வேலை. மனச்சோர்வே இல்லாதவர்களுக்கும் நரம்பு வலி இதில் குறைகிறது. அடுத்தமுறை மருந்துக்கடையில் ஏதாவது சொன்னால், நரம்பு வலிக்குப் போடுகிறேன் என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள்.

ஆனால் மூன்று நாளில் ஒன்றும் தெரியாது. ராத்திரி ஏழு எட்டு மணிக்குப் போட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஆறு எட்டு வாரம் கழித்துத்தான் பலன் உண்டா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும். வாய் வறளும், மலச்சிக்கல் வரும், காலையில் கொஞ்சம் மப்பாக இருக்கும், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் பழகிவிடும். இதய நோய், கண் அழுத்த நோய் இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். இது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டுலாக்ஸெட்டின், காபாபென்டின், ப்ரீகாபலின் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன. கடைசி இரண்டும், கூர்மையாகிவிட்ட அணுக்களின் கால்சியம் வாசல்களில் ஒட்டிக்கொண்டு சத்தத்தைக் குறைப்பவை. தலைசுற்றல், தூக்கம், எடை கூடுவது, கால் வீக்கம் வரலாம். இவற்றை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சீட்டு இல்லாமல் கடையில் வாங்கிப் போடவே கூடாது, சிலருக்கு இது பழக்கமாகிவிடும். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் எந்த மருந்தையும் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு குறையும் என்று நேராகவே சொல்கிறேன். 2015-ல் வெளிவந்த பெரிய தொகுப்பாய்வின்படி, நரம்பு வலிக்காரர்களில் அமிட்ரிப்டிலின் வகை மருந்தைச் சுமார் நாலு பேருக்குக் கொடுத்தால், வெற்று மாத்திரை கொடுத்திருந்தால் கிடைத்திருக்காத நல்ல நிவாரணம் ஒருவருக்குக் கிடைக்கிறது, ப்ரீகாபலினில் எட்டுப் பேருக்கு ஒருவர். நல்ல நிவாரணம் என்றால் வலி பாதியாகக் குறைவது, முழுசாகப் போவது இல்லை. ஒரு மருந்து கேட்கவில்லை என்றால் உங்கள் வலி பொய் என்று ஆகாது, அடுத்ததைப் பார்க்க வேண்டும், சில சமயம் இரண்டைச் சேர்க்க வேண்டும். பத்தில் எட்டாக இருக்கும் வலி நாலாகி, ராத்திரி ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினீர்கள் என்றால் எனக்கு அது பெரிய வெற்றி. தூக்கம் வந்தால் மறுநாள் கையை வேலைக்குப் பழக்கத் தெம்பு வரும்.

அந்தப் பழக்குவதில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது, இதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். எரிகிறதே என்று கையைச் சுற்றிப் பொத்தி வைத்திருந்தால் மூளை இன்னும் மிரளும். கம்பெனியில் கட்டிங் வேஸ்ட் கிடக்குமே, அதில் ஐந்தாறு வகைத் துணி எடுத்து வரச் சொல்லுங்கள். மிக வழவழப்பான ஜெர்சித் துணியில் ஆரம்பித்து, இன்டர்லாக், பிக்கே, ஃப்ளீஸின் உள்பக்கம், கடைசியில் டெனிம் வரைக்கும் வரிசையாக அடுக்கி வையுங்கள். தாங்கக்கூடிய துணி ஒன்றை எடுத்து, வலிக்காத மணிக்கட்டுப் பக்கம் தொடங்கி, வலிக்கும் விரலை நோக்கி மெதுவாக ஒரே அழுத்தத்தில் தேயுங்கள். ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. அது பழகினதும் அடுத்த துணி. கூடவே ஒரு கிண்ணத்தில் ரவை, அது பழகினால் கேழ்வரகு, அப்புறம் அரிசி, கொண்டைக்கடலை என்று விரல்களை விட்டுத் துழாவுங்கள். செய்யும்போது கொஞ்சம் எரியும், முடித்த அரைமணியில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி, ராத்திரி முழுக்க எரிந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள். விரல் நுனியில் உணர்வு எட்டிப்பார்க்க ஆரம்பித்ததும், கண்ணை மூடிக்கொண்டு பட்டனா, ஊக்கா, நாணயமா என்று தடவிக் கண்டுபிடிக்கும் பயிற்சியும் சேர்த்துக்கொள்ளலாம். கைக்கான பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பக்கத்தில் இருந்து ஆரம்பித்துவைத்தால் நல்லது.

வெந்நீர் ஒத்தடம், தைலம் தடவிச் சூடு காட்டுவது, ஐஸ் கட்டி எதுவும் வேண்டாம். அந்த மூன்று விரலும் மரத்திருப்பதால் சுட்டுக்கொண்டாலும் தெரியாது, அடுப்பில் சூடான பாத்திரத்தைத் தொட்டுக் கொப்புளம் வந்த பிறகுதான் கண்ணுக்கே தெரியும், இப்படி எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். சமையலில் கொஞ்ச நாள் இடது கையை முன்னால் விடுங்கள். அயர்ன் பாக்ஸ் பக்கம் போகாதீர்கள். தழும்பை உருவிவிடுகிறேன், நீவிவிடுகிறேன் என்று யார் கூப்பிட்டாலும் போக வேண்டாம்.

சுண்டுவிரலுக்கும் முழங்கைக்கும் எரிச்சல் பரவினால், கை முழுக்க வீங்கி மினுமினுத்தால், நிறம் மாறினால், மற்றக் கையைவிடச் சூடாகவோ சில்லென்றோ ஆனால், அந்தக் கை மட்டும் வியர்த்தால், அது சிஆர்பிஎஸ் என்ற வேறு சிக்கலின் ஆரம்பமாக இருக்கலாம், அந்த வாரமே வலி சிகிச்சை மருத்துவரைப் பாருங்கள். அதைச் சீக்கிரம் பிடித்தால்தான் விரல்கள் இறுகாமல் தடுக்க முடியும்.

கையையே எடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். தூங்காத ராத்திரியில் அப்படித்தான் தோன்றும். ஆனால் கையை எடுத்தாலும் வலி போகாது, நரம்பு மறுபடி வெட்டுப்படும், இல்லாத விரலில் அதே எரிச்சல் தொடரலாம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களின் இந்த மாய வலியைத்தான் 1990-களில் கலிஃபோர்னியாவில் ஆராய்ந்தார், ஒரு கண்ணாடியை வைத்து நல்ல கையின் பிம்பத்தைக் காட்டியே சிலருக்கு அதைத் தணித்தார். உங்கள் பிசியோதெரபிஸ்ட் கண்ணாடிப் பயிற்சி சொன்னால் பயப்படாமல் செய்துபாருங்கள், இடது கை அசைவதைக் கண்ணாடியில் வலது கையாகப் பார்க்கும் எளிய பயிற்சிதான் அது. சாகலாம் என்ற எண்ணமே வந்தால் மட்டும் தனியாக உட்கார்ந்திருக்காதீர்கள், கணவரை எழுப்புங்கள், இல்லை 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணை எந்த நேரத்திலும் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம்.

வேலையைப் பற்றிய பயமும் கடிதத்தில் தெரிகிறது. சம்பளத்தில் இஎஸ்ஐ பிடிக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்தால், காயம் வீட்டில் பட்டிருந்தாலும் சிகிச்சை உண்டு, சந்தா நாட்கள் போதுமானதாக இருந்தால் வருடத்தில் 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியும் கேட்கலாம். ஓவர்லாக்கில் உட்கார இன்னும் கொஞ்ச காலம் ஆகும், உணர்வில்லாத விரல் ஊசிக்கும் கத்திக்கும் பக்கத்தில் போகக் கூடாது. அதுவரை செக்கிங் போல இடது கையை வைத்துச் செய்யும் வேலை கிடைக்குமா என்று சூப்பர்வைசரிடம் டாக்டர் கடிதத்தோடு கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, விரல் நுனியிலிருந்து மேல்நோக்கி மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்து, முதல் ஷாக் கிடைக்கும் இடத்தில் பேனாவால் புள்ளி வையுங்கள். தழும்பிலிருந்து அதுவரை இஞ்ச் டேப்பால் அளந்து காலண்டரில் எழுதுங்கள், போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். சர்ஜனிடம் போகும்போது அந்தக் காலண்டரைக் கொண்டுபோங்கள். மூன்று மாதம் கழித்து அந்தப் புள்ளி எங்கே வந்திருக்கிறது என்று எனக்கும் எழுதுங்கள்.